தங்கக்கொண்டை: பூஜ்யம்

பிராக்கன்மியர்
ஜனவரி 3, 2023, செவ்வாய்
வடகிழக்குக் காற்று, லேசாக. முழு மேகமூட்டம். காலை எட்டுக்கு இரண்டு டிகிரி.

அன்புள்ள ஆட்ரி,

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய கையுறை வந்து சேர்ந்தது. விரல் நுனி திறந்திருப்பதால் பைனாகுலரைத் திருப்ப வசதி. நீயே யோசித்து வாங்கினாயா, கடைக்காரர் சொல்லிக் கொடுத்தாரா என்று தெரியவில்லை. எப்படியானாலும் நன்றி.

அன்றைக்கு நீ ஃபோன் செய்தபோது சரியாகப் பேச முடியவில்லை. இந்த வீட்டு லைன் இரண்டு வருஷமாகவே மோசம். ஆள் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கோளாறில்லை என்று சொல்லிப் போகிறான். கடிதம்தான் மேல். எழுத்தில் யாரும் முணுமுணுக்க முடியாது. இப்போதெல்லாம் எல்லாருமே முணுமுணுக்கிறார்கள், கவனித்தாயா? போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டுக்காரர், என் டிவி சத்தம் தாங்காமல் சுவரைத் தட்டுகிறாராம். அவரே வந்து சொன்னார். எனக்கு ஒரு தட்டல்கூடக் கேட்டதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பறவைச் சங்கத்தின் குளிர்கால நடை வரும் 15ஆம் தேதி ஞாயிறு. ஏரிப் பூங்காவின் கார் நிறுத்தத்தில் காலை எட்டரை. இருபத்தாறு வருஷமாக நான்தான் அழைத்துப் போகிறேன். இந்தத் தடவை நீ கட்டாயம் வர வேண்டும், அதற்குக் காரணம் இருக்கிறது.

பூங்காவுக்கு ஐந்து வருஷம் முன்பு பெத்தன் ரோலண்ட்ஸ் என்று ஒரு ரேஞ்சர் வந்தாள். வந்த வேகத்தில் வடகரையில் இருந்த லார்ச் என்ற ஊசியிலை மரங்களை எல்லாம் இரண்டே குளிர்காலத்தில் வெட்டித் தள்ளினாள். மரத்துக்கு நோய், மேலிடத்து உத்தரவு என்கிறாள். அதிலிருந்து தங்கக்கொண்டைக் குருவி குறைந்துகொண்டே போகிறது. என் நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன். குளிர்கால நடையில் 2018இல் பத்தொன்பது. 2019இல் பதினொன்று. 2020இல் நாலு. அடுத்த வருஷம் ஊரடங்கு, நடை இல்லை. போன வருஷம் பூஜ்யம். ஐந்து கிராம் எடையுள்ள பறவை, ஊசியிலை மரத்தின் உச்சியிலேயே கிடக்கும். அதைக் கண்ணால் தேடிப் பிடிக்க முடியாது. முதலில் காது பிடிக்க வேண்டும், பிறகுதான் கண். இந்த மாவட்டத்தில் என் காதுக்கு ஒரு பேர் உண்டு என்பது உனக்கே தெரியும்.

பிப்ரவரி 21ஆம் தேதி நகர சபையின் பூங்காக் குழு கூடுகிறது. மார்ச்சோடு முடியும் அவளுடைய ஒப்பந்தத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று அன்றைக்கு முடிவு செய்கிறார்கள். நீட்டிக்கக் கூடாது என்று ஒன்பது பக்க அறிக்கை எழுதி இப்போதே அனுப்பிவிட்டேன். நேரில் போய்ப் பேசவும் போகிறேன். அவள் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது. எனக்குப் பறவை வேண்டும், அவ்வளவுதான்.

சங்கத்தில் இல்லாத ஒருத்தி சாட்சியாக இருந்தால் நல்லது. அதனால்தான் உன்னை அழைக்கிறேன். அந்தச் சிவப்புக் கோட் வேண்டாம். மொறுமொறுவென்று சத்தம் போடும் தின்பண்டப் பாக்கெட் எதையும் கொண்டுவராதே.

அண்ணன்
நெவில்


எக்ஸ்மவுத்
ஜனவரி 7

அன்புள்ள அண்ணா,

கையுறை நானே யோசித்து வாங்கியதுதான். கடைக்காரருக்கு உன் விரல்களைப் பற்றி அவ்வளவு கரிசனம் கிடையாது.

வருகிறேன். சனிக்கிழமை மூன்று ஐம்பது ரயில். திங்கள் காலை திரும்ப வேண்டும், பேத்தியைப் பள்ளியில் இருந்து அழைத்துவர வேறு ஆள் இல்லை. சிவப்புக் கோட்டோடுதான் வருவேன், என்னிடம் சூடான கோட் அது ஒன்றுதான். வாத்துகள் பயந்தால் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு வர யோசனையாகத்தான் இருந்தது. போன தடவை தண்ணீரில் நின்ற மரத்துண்டைக் காட்டி நாரை என்றேன். சரி, தப்புதான். அதை நீ டீ குடிக்கும்போது ஒரு தடவை, சாப்பிடும்போது ஒரு தடவை, காரில் ஏறும்போது ஒரு தடவை சொன்னாய். அறுபது வயதுப் பெண்ணை ஆறு வயதுக் குழந்தையாக்க உன்னைப் போல் ஆள் கிடையாது. பெக்கி அண்ணி உயிரோடு இருந்திருந்தால் உன் முழங்கையைக் கிள்ளியிருப்பாள். அவள் போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது, உன்னைக் கிள்ள ஆளில்லாமல் போய்விட்டது.

இன்னொன்று. பெத்தன் என்பது, உன் கார் சேற்றில் மாட்டியபோது டிராக்டர் கொண்டுவந்து இழுத்துவிட்ட பெண்தானே? அவளிடம் ஒரு வார்த்தை பேசாமலா ஒன்பது பக்கம் எழுதினாய்? எனக்குப் பறவையைப் பற்றி ஒன்றும் தெரியாது. கேட்கத் தோன்றியது, கேட்டேன்.

ஆட்ரி


பிராக்கன்மியர்
ஜனவரி 17, செவ்வாய்
மேற்குக் காற்று. இரவு உறைபனி. மைனஸ் ஒன்று.

அன்புள்ள ஆட்ரி,

நடையின் முடிவை உனக்கு முறைப்படி எழுதுகிறேன். மொத்தம் நாற்பத்தொரு வகை. குடுமி வாத்து 312. நீ 'அந்தக் கறுப்பு வெள்ளை' என்று சொன்னது அதுதான். கொண்டை முக்குளிப்பான் 9. சாம்பல் நாரை 2, இரண்டும் உயிருள்ளவை. தங்கக்கொண்டை பூஜ்யம்.

படகுத்துறைக்குப் பின்னால் இருக்கும் யூ மரங்களுக்கு அடியில் முழுதாகப் பத்து நிமிஷம் நின்றோம். மொத்தப் பூங்காவிலும் அதற்கு மிச்சமிருக்கும் நல்ல இடம் அது ஒன்றுதான். பதின்மூன்று பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நீகூட அசையாமல் நின்றதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. அங்கே ஒன்றும் இல்லை என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இத்துடன் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். 'ஜனவரி 15 அன்று பிராக்கன்மியரில் தங்கக்கொண்டை ஒன்றுகூடப் பார்க்கப்படவில்லை, கேட்கப்படவில்லை' என்று இரண்டு வரி. கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பு. கூட்டத்தில் வாசிக்கிறேன்.

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஏன் அப்படி இருந்தாய்? ஏதோ சொல்ல வாயெடுத்தாய். என்ன என்று கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். ரயில் ஏறும்போது என் கன்னத்தில் ஒரு முத்தம்கூட இல்லை. இந்தத் தடவை நான் மரத்துண்டைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்.

நெவில்


எக்ஸ்மவுத்
ஜனவரி 21

அன்புள்ள அண்ணா,

உன் காகிதத்தைக் கையெழுத்தில்லாமல் இதோடு திருப்பி அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தாயிற்று. நாலாவதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

அவை அங்கே இருந்தன, அண்ணா. நாம் நின்ற மரத்திலேயே, உன் தலைக்கு மேலே.

முதலில் என் காதைத்தான் சந்தேகப்பட்டேன். மரத்துண்டை நாரை என்றவள்தானே நான். ஆனால் இந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும், சொல்லிக் கொடுத்தது நீ. எனக்குக் கல்யாணமான வருஷம் ஒரு மரத்தடியில் நிற்கவைத்து, 'ஊசியால கண்ணாடியக் கீறுற மாதிரி இருக்கும், நல்லாக் கேளு' என்றாய். ஞாயிற்றுக்கிழமை அதே குரல் இடது பக்கம் கேட்டது, பிறகு உச்சியில், பிறகு ஒரே சமயத்தில் மூன்று நான்கு. நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, எவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாய் தெரியுமா? பிறகு கண்ணைத் திறந்து, 'பாத்தீங்களா? ஒண்ணுமில்ல' என்றாய். நீ அதைச் சொல்லும்போதும் ஒன்று கத்திக்கொண்டுதான் இருந்தது.

மற்றவர்களைப் பார்த்தேன். எனக்குப் பக்கத்தில் நின்ற கிளெனிஸ் அண்ணாந்து மரத்தைப் பார்த்தாள், உடனே குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டாள். பிறகு கஃபேயில் நீங்கள் வழக்கமாகச் செய்யும் பட்டியல் வாசிப்பு. நீ அட்டையைக் கையில் பிடித்து ஒவ்வொரு பேராக வாசிக்கிறாய், அவர்கள் எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்கிறார்கள். வாத்துக்கும் நாரைக்கும் என்ன கூச்சல். தங்கக்கொண்டை என்று வாசித்ததும் மேஜை மொத்தமும் அடங்கிப்போனது. 'பூஜ்யம்' என்று நீயே சொல்லி நீயே எழுதிக்கொண்டாய். பன்னிரண்டு பேரும் டீக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பன்னிரண்டில் நானும் ஒருத்தி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் முத்தம் கொடுக்கவில்லை.

உன் ஃபோன் லைனில் ஒரு கோளாறும் இல்லை. உன் வீட்டில் தங்கிய இரண்டு நாளும் அதில்தான் மகளிடம் பேசினேன், அவள் தும்மியதுகூடக் கேட்டது.

அப்பாவின் கடைசி வருஷங்கள் ஞாபகம் இருக்கிறதா? சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிச் சிரிப்பார். வளர்ந்த கழுதைகள் நாம் இரண்டு பேரும், 'அப்பா, வீடு தீப்பிடிச்சிருச்சு' என்போம். அதற்கும் சிரிப்பார். நாம் மேஜைக்கு அடியில் ஒருவரையொருவர் உதைத்துக்கொள்வோம். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒரு தடவை காதைப் பரிசோதித்துக்கொள். அந்த ஒன்பது பக்கத்தைத் திரும்ப வாங்கிவிடு. பறவை அங்கேயே இருக்கும்போது, அதைத் துரத்திவிட்டாள் என்று ஒரு பெண்ணின் வேலையைப் பறிக்காதே.

கோபப்படுவாய் என்று தெரியும். பரவாயில்லை.

ஆட்ரி


பிராக்கன்மியர்
ஜனவரி 25, புதன்
தெற்குக் காற்று, பலமாக. மழை. ஏழு டிகிரி.

ஆட்ரிக்கு,

நீ கேட்டது கரிச்சிட்டு. குளிர்காலத்தில் அதுவும் மெலிதாகத்தான் கத்தும். புதிதாக வருபவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம்.

வருஷத்துக்கு ஒரு தடவை சிவப்புக் கோட் போட்டுக்கொண்டு வந்து நிற்கும் நீ, நாற்பது வருஷமாக அந்த மரத்தடியில் நிற்கிற எனக்கு அங்கே என்ன இருக்கிறது என்று சொல்ல வந்துவிட்டாய். அப்பாவின் காதைக் கொண்டுவந்து என் தலையில் ஒட்டவைக்கிறாய். அவர் நெசவு ஆலையில் காதைத் தொலைத்தவர். நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவன்.

ஒரே ஒரு கேள்வி. அங்கே பறவை இருந்திருந்தால் பன்னிரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டா இருந்திருப்பார்கள்? டெனிஸ் எனக்கு இருபத்திரண்டு வருஷ நண்பன். சங்கச் செயலாளர். பெக்கியின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஒருவன். அவன் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்வானா?

உன் கையெழுத்து இல்லாமலே கூட்டத்துக்குப் போய்க்கொள்கிறேன்.

என். கார்ஸ்டாங்


எக்ஸ்மவுத்
ஜனவரி 30

அன்புள்ள அண்ணா,

எனக்குக் கடிதம் எழுதும்போது முழுக் கையெழுத்துப் போடாதே. நான் நகர சபை இல்லை.

உன் கேள்விக்குப் பதில் என்னிடம் இருக்கிறது. சொல்ல மாட்டேன் என்று டெனிஸுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். மூன்று நாளாக அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்த வாக்கை மீறுகிறேன். அவர் என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை.

கஃபேயில் நீ பில்லுக்காக உள்ளே நின்றாயே, அப்போது நான் வெளியே கார் நிறுத்தத்துக்குப் போய் டெனிஸைப் பிடித்தேன்.

"டெனிஸ், அந்த மரத்துல ஏதோ கத்துச்சே" என்றேன்.

"உங்களுக்கும் கேட்டுச்சா?" என்றார். "ஏழு இருந்துச்சு. கிளெனிஸ் எட்டுங்கறா."

"அப்ப ஏன் ஒருத்தரும் வாயத் தொறக்கல?"

"யாரு சொல்றது ஆட்ரி? நெவில்கிட்ட போய், யப்பா, உனக்குக் காது போச்சுன்னு யாரு சொல்றது? பெக்கி இருந்திருந்தா சொல்லியிருப்பா. இந்த ஞாயித்துக்கிழமை நடைதான் அவருக்கு மிச்சம் இருக்குது. அதையும் பிடுங்கிட்டா என்ன பண்ணுவாரு?"

பிறகு காருக்குள் கையை விட்டு ஒரு பச்சை அட்டை நோட்டை எடுத்துக் காட்டினார். இரண்டு வருஷத்துக் கணக்கு. மாதாமாதம் ஞாயிறு நடை முடிந்து நீ கிளம்பிப் போன பிறகு, அவர்கள் இன்னொரு தடவை உட்கார்ந்து பட்டியல் வாசிக்கிறார்கள், அண்ணா.

"மாவட்டப் பதிவுக்கு இதத்தான் அனுப்புறோம்" என்றார். "அவரு வாசிக்கிறது அவருக்கு."

"அந்தப் பொண்ணு பெத்தனுக்கு இது தெரியுமா? அவ வேல போகப்போகுதே."

"தெரியும். இந்த நோட்டக் கூட்டத்துல காட்டுறேன்னு நானே போய்ச் சொன்னேன். 'வேண்டாம் டெனிஸ், ஊர் முன்னால அவர அவமானப்படுத்தித்தான் என் வேலையக் காப்பாத்தணும்னா எனக்கு அது வேண்டாம்'னுட்டா. அவளும் பிடிவாதக்காரி, உங்க அண்ணன் மாதிரி."

இதுதான் நடந்தது. யாரும் உன்னைக் கேலி செய்யவில்லை. எல்லாரும் உன்னிடம் அவ்வளவு அன்பாக இருக்கப் பார்த்தார்கள், அந்த அன்பில் ஒருவருக்கும் தைரியம் இல்லாமல் போனது. எனக்கும்தான். மேஜையில் உட்கார்ந்திருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். முன்னூறு மைல் தள்ளி வந்து, பேனாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சொல்கிறேன்.

நம்பாவிட்டால் டெனிஸிடம் அந்த நோட்டைக் கேள்.

ஆட்ரி


பிராக்கன்மியர்
பிப்ரவரி 11, சனி

அன்புள்ள ஆட்ரி,

காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை.

போன ஞாயிறு டெனிஸ் வீட்டுக்குப் போனேன். அவன் சமையலறையில் உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தான். "பச்ச நோட்டக் கொடு" என்றேன். அவன் எந்த நோட்டு என்று கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய் எடுத்துவந்து மேஜையில் வைத்துவிட்டு, மறுபடியும் உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டான். நின்றபடியே கடைசிப் பக்கம் வரை படித்தேன். தேதி, இடம், எண்ணிக்கை எல்லாம் சுத்தமாக இருந்தது. அவனுக்கு அப்படி எழுதச் சொல்லிக் கொடுத்தது நான்தான். பிப்ரவரி 2022, தங்கக்கொண்டை 6. மார்ச், 5. நவம்பர், 12. பன்னிரண்டு, ஆட்ரி. அந்த நவம்பரில்தான் அவர்கள் முன்னால் நின்று, இந்தப் பூங்கா செத்துவிட்டது என்று கால் மணி நேரம் பேசினேன்.

"திட்டணும்னா திட்டிரு, நெவில்" என்றான். எனக்குத் திட்டத் தெரியவில்லை. நோட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கோபம் யார் மேல் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. காது போனது ஒரு பக்கம் இருக்கட்டும், வயசானால் போகும். ஆனால் சின்னப் பிள்ளை கையில் பொம்மை ஸ்டியரிங்கைக் கொடுத்து வண்டியில் உட்காரவைப்பது மாதிரி, இரண்டு வருஷம் என்னை முன்னால் நடக்கவிட்டிருக்கிறார்கள். நானும் வண்டி ஓட்டுவதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதும் ஒரு மூலையில், நீங்கள் பன்னிரண்டு பேரும் கரிச்சிட்டைக் கேட்டுக் குழம்பிவிட்டீர்கள் என்று நம்பப் பார்த்தேன். எனவே வியாழன் காலை நானே பூங்காவுக்குப் போனேன். பெத்தன் படகுத்துறையில் வேலிக் கம்பியைக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், திட்டு வாங்கத் தயாராகத்தான் நின்றாள் என்று நினைக்கிறேன். "ஒண்ணு காட்டு" என்றேன்.

அவள் கம்பியை வைத்துவிட்டு நடந்தாள். யூ மரத்தடியில் நின்று, கொஞ்ச நேரம் பொறுத்து, கையை நீட்டினாள். தாழ்ந்த கிளையில், என் கைத்தடி எட்டும் தூரத்தில் இருந்தது. அதன் உச்சந்தலையின் மஞ்சள் கோடுகூடப் பைனாகுலர் இல்லாமலே தெரிந்தது.

"இப்பக் கூப்பிடுது" என்றாள், என் முகத்துக்கு நேராக நின்று, நிறுத்தி நிறுத்தி.

"இப்பவா?"

"இப்பதான். இதோ, மறுபடியும்."

அதன் அலகு திறந்து மூடியது. திறந்து மூடியது. தொண்டைகூட நடுங்கியது. எனக்குக் காற்றில் கிளை உரசும் சத்தம் கேட்டது. யாரோ தூரத்தில் நாயை அதட்டியது கேட்டது. இருபது அடிக்கு அப்பால் வாத்து தண்ணீரில் இறங்கிய சத்தம் கேட்டது. கண்ணெதிரே கத்திக்கொண்டிருந்த பறவையிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை.

அழுதேன். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். நல்ல பெண்தான்.

21ஆம் தேதி கூட்டத்துக்கு நான் போகப் போவதில்லை. உடம்பு சரியில்லை என்று எழுதிவிடுகிறேன். சங்கத்திலிருந்தும் விலகிக்கொள்கிறேன். யாரும் எதுவும் பேச வேண்டாம், இதோடு முடியட்டும்.

நெவில்


எக்ஸ்மவுத்
பிப்ரவரி 14

என் அன்பு அண்ணா,

உன் கடிதத்தைப் பஸ் நிறுத்தத்தில் நின்று படித்தேன். மூன்று பஸ்ஸை விட்டுவிட்டேன்.

இப்போது உன்னிடம் கடுமையாகப் பேசக் கூடாதுதான். ஆனாலும் சொல்கிறேன். நீ போகாமல் இருந்தால் எதுவும் முடியாது. நீ வீட்டில் இருந்தாலும் உன் ஒன்பது பக்கம் அந்த மேஜையில் இருக்கும். அதில் உன் பேரும் இருபத்தாறு வருஷக் கணக்கும் இருக்கிறது, அதைத்தான் அவர்கள் நம்புவார்கள். அந்தப் பெண் வாய் திறக்க மாட்டாள், டெனிஸும் திறக்க மாட்டார். உன் மானத்தைக் காப்பாற்றுவதற்காக எல்லாரும் மறுபடியும் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு உட்காருவார்கள், அவள் மூட்டை கட்டிக்கொண்டு போவாள்.

மற்ற யார் மௌனமாக இருந்ததையும் நீ பொறுத்துக்கொள்ளவில்லை. இப்போது நீயே மௌனமாக இருக்கப் போகிறாய்.

நான் செவ்வாய்க்கிழமை வருகிறேன். பக்கத்தில் உட்காருகிறேன். வேண்டுமானால் கறுப்புக் கோட் கடன் வாங்கிக்கொண்டு வருகிறேன்.

உன் தங்கை
ஆட்ரி


பிராக்கன்மியர்
பிப்ரவரி 22, புதன்
வடமேற்குக் காற்று. காலை வெயில், மதியம் ஆலங்கட்டி. ஐந்து டிகிரி.

அன்புள்ள ஆட்ரி,

'வராதே, நான் போகிறேன்' என்று நான் போட்ட தபால் அட்டை உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். நீ பக்கத்தில் இருந்திருந்தால் உன் முகத்தைப் பார்த்துப் பார்த்து வாய் அடைத்திருக்கும். அதனால்தான் வேண்டாம் என்றேன்.

போனேன். நூலக மாடியில் நாற்பது நாற்காலி, முக்கால்வாசி நிரம்பியிருந்தது. சங்கத்து ஆட்கள் இரண்டாவது வரிசையில் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பெத்தன் கடைசியில், கதவோரம் இருந்தாள். தலைவி மிஸஸ் வின்டர்போர்ன் என் பேரை வாசித்ததும் எழுந்து, "நீங்க கொஞ்சம் என் பக்கம் திரும்பிப் பேசுங்கம்மா, எனக்கு உதட்டப் பாத்தாத்தான் புரியுது" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சரி, மானம் போனது அந்த இடத்திலேயே போய்விட்டது, பிறகு பேசுவது சுலபமாக இருந்தது.

"என் அறிக்கையில நாலாம் பக்கத்துல ஒரு அட்டவணை இருக்கு" என்றேன். "எடுத்துக்குங்க. அதுல தங்கக்கொண்டைக்கு நேரா பூஜ்யம்னு எங்கெங்க போட்டிருக்கேனோ, அங்கெல்லாம் அத அடிச்சிட்டு, 'நெவிலுக்குக் கேக்கல'ன்னு எழுதிக்குங்க."

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"மிஸ்டர் கார்ஸ்டாங், அப்ப பறவ அங்க இருக்கா, இல்லையா?" என்று கேட்டார் தலைவி. பாவம், அவருக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

"இருக்கு. நல்லா இருக்கு. எத்தனைன்னு டெனிஸ் நோட்டுல இருக்கு, அத வாங்கிப் பாருங்க. அந்தப் பொண்ணு வெட்டுன மரத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. என் காதுதான் போயிருச்சு. அது தெரியாம அவ மேல பழி போட்டுட்டேன். ஒம்பது பக்கமும் தப்பு. தப்புன்னு நானே சொல்றேன்னு குறிப்புல எழுதிக்குங்க."

உட்கார்ந்துவிட்டேன். பிறகு அவர்கள் என்னென்னவோ பேசினார்கள், எனக்குப் பாதி எட்டவில்லை. கை தூக்கினார்கள், எண்ணினார்கள். கிளெனிஸ் திரும்பி என் முழங்கையைக் கிள்ளியதில்தான் தெரிந்தது, பெத்தனுக்கு மூன்று வருஷம் நீட்டித்துவிட்டார்கள்.

படியில் இறங்கும்போது அவள் வந்து ஏதோ சொன்னாள். புரியவில்லை. மறுபடி சொன்னாள். மறுபடியும் புரியவில்லை. முன்பெல்லாம் இந்த இடத்தில் தலையாட்டிச் சிரித்திருப்பேன், அப்பா மாதிரி. இந்தத் தடவை, "கேக்கலம்மா, இன்னொரு தடவ சொல்லு" என்றேன். "மார்ச் நடைக்கு நீங்கதானே கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டிருக்கிறாள். வாத்து எண்ணக் காது வேண்டாம், கண் போதும், போகலாம் என்று நினைக்கிறேன். டெனிஸிடம் ஒன்றுதான் சொன்னேன், இனிமேல் ஒரே நோட்டு. மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, எனக்குத் தெரியும்படி எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். சரி என்றான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

இன்று காலை மருத்துவமனையில் காதைச் சோதித்தார்கள். அடுத்த மாதம் இரண்டு காதுக்கும் கருவி தருகிறார்கள். "மனுஷங்க பேசுறது நல்லாத் தெளியும் சார், டிவியக் கொறச்சு வச்சுக்கலாம்" என்றாள் அந்தப் பெண். பறவையைப் பற்றிக் கேட்டேன். திரையில் ஒரு கோட்டைக் காட்டினாள். அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும் கீச்சுச் சத்தங்களைக் கருவியால் திருப்பிக் கொண்டுவர முடியாதாம். தங்கக்கொண்டை அதற்கும் மேலே எங்கேயோ இருக்கிறது. ஆக, அது போனது போனதுதான்.

வீட்டுக்கு வந்ததும் பழைய நோட்டுகளை எல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பறவையைப் பார்த்தால் ஒரு குறி, கேட்டால் ஒரு குறி, உனக்குத் தெரியுமே. நான் கடைசியாக அதைக் கேட்டது என்றைக்கு என்று தேடினேன். கண்டுபிடித்துவிட்டேன். 2020 மார்ச் 1, ஞாயிறு. படகுத்துறை. 'தங்கக்கொண்டை, கேட்டது, 2. மழை. நிற்கவில்லை.' என் கையெழுத்துதான். அன்றைக்கு எதற்காக அவ்வளவு அவசரம் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அதுதான் கடைசி என்று யாராவது சொல்லியிருந்தால் நனைந்துகொண்டே நின்றிருப்பேன், ஆட்ரி.

உன் அண்ணன்
நெவில்